சிறுத்தையின் குரலில் ஜாஸ்

இரண்டு பேருக்கும் தலை நரைத்தாயிற்று. ஆனாலும் வீட்டிலும் தெருவிலும் ஒருவன் பெரியவன், இன்னொருவன் சின்னவன். பெரியவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்து லிஃப்ட் எந்த மாடியில் முனகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவான். பள்ளிக்கூடத்துக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். எட்டாம் வகுப்போடு இரு தரப்பும் சண்டையில்லாமல் பிரிந்துகொண்டார்கள். சின்னவன் மேலே படித்தான். ஆனால் அவனைக் கரையேற்றியது படிப்பு இல்லை, தொண்டை.

அந்தத் தொண்டை எங்கிருந்து வந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பாவுக்குக் கீச்சுக் குரல். அம்மா பேசினால் அடுத்த அறைக்குக் கேட்காது. சின்னவனுக்கோ மீசை அரும்புவதற்கு முன்பே குரல் முதிர்ந்துவிட்டது. அவன் போனை எடுத்து ஹலோ என்றால் மறுமுனையில் இருப்பவர் தன்னையறியாமல் எழுந்து நின்றுகொண்டு "ஐயா" என்பார். படிப்பை முடித்தவனுக்குக் கிடைத்த முதல் வேலை, செருப்புக் கடை வாசலில் மைக்கைப் பிடித்துத் தள்ளுபடி அறிவிப்பது. அவன் தள்ளுபடி என்று சொன்னால் ஏதோ நாட்டுக்கு விடுதலை கிடைத்தது போல இருக்கும். கூட்டம் கூடும், கைதட்டும், செருப்பு வாங்காமல் கலைந்துபோகும்.

அங்கிருந்து அவன் டிவிக்குப் போனதற்குக் காரணம் ஒரு பழுதான லிஃப்ட். நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் ஒரு டப்பிங் தியேட்டர் இருந்தது. வெளிநாட்டு ஆவணப்படங்களுக்கு நம் மொழியில் குரல் கொடுக்கிற இடம். அதை நடத்திய டைரக்டர் ஒரு நாள் இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டார். உள்ளே இருந்து கதவை உதைத்துக்கொண்டு அலறினார். பெரியவன் மேலே மோட்டார் அறையில் இருந்தான். சாப்பாடு கொண்டுவந்திருந்த சின்னவனைப் பார்த்து, போய் அந்த ஆளிடம் ஏதாவது பேசு, நான் இறக்கிவிடுகிறேன் என்றான். சின்னவன் கதவு இடுக்கில் வாயை வைத்து, பயப்பட ஒன்றுமில்லை, காற்று வருகிறது, வெளிச்சம் இருக்கிறது, இன்னும் சற்று நேரத்தில் பூமியைத் தொட்டுவிடுவீர்கள் என்று சொன்னான். உதைக்கிற சத்தம் நின்றது. கதவு திறந்ததும் வெளியே வந்தவர், காப்பாற்றிய மெக்கானிக்கைத் தேடவில்லை. பூமியைத் தொடுவீர்கள் என்று சொன்னது யார் என்று கேட்டார்.

மறுவாரம் சின்னவனுக்குக் கிடைத்தது சிறுத்தையைப் பற்றிய ஒரு படம். அப்புறம் ஓநாய், கழுகு, முதலை என்று வரிசையாக வந்தன. ஆனால் மக்கள் மனதில் நின்றது சிறுத்தைதான். அந்திநேரம், புல்வெளி, ஒரு மான், அதன் பின்னால் மெல்ல மெல்ல நகரும் சின்னவனின் குரல். காய்கறிக் கடையில் அவன் தக்காளி கேட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பட்டப்பெயரும் சிறுத்தை என்றே ஆகிவிட்டது. அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறை. காலையில் அண்ணி அடுப்பில் இருக்கும்போது பின்னால் வந்து நின்று, "பசித்த ஆண் ஒன்று, தன் எல்லையைத் தாண்டி, மெல்லச் சமையலறைக்குள் நுழைகிறது" என்பான். அண்ணி திரும்பாமலே, "பெண் சிறுத்தை கையில கரண்டி இருக்கு, பாத்து வாங்க தம்பி" என்பாள்.

பெரியவனுக்குத் தம்பியின் தொழிலில் ஒரு பங்கு இருந்தது. லிஃப்ட் ஓடும் தண்டு, தியேட்டர் சுவரை ஒட்டித்தான் போகிறது. மோட்டார் ஓடினால் அதன் உறுமல் மைக்கில் ஏறிவிடும். அதனால் வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தால் லிஃப்ட் ஓடக்கூடாது என்பது அந்தக் கட்டடத்தில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட சட்டம். சின்னவனின் பதிவு நாட்களில் பெரியவன் எப்படியாவது அந்தக் கட்டடத்துக்கு ஒரு வேலையை வரவழைத்துக்கொள்வான். கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களைப் படியேற்றிவிடுவான். மேலே என் தம்பி பேசிக்கொண்டிருக்கிறான் என்று அவன் சொல்கிற தோரணையில், கால் வலிக்காரர்கள்கூட மறுபேச்சு பேசாமல் படியேறுவார்கள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, சேனல்காரர்கள் விலங்குப் படங்களைப் போதும் என்று நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக அவர்கள் வாங்கியது ஜாஸ் இசையின் வரலாறு பற்றிய ஒரு நெடுந்தொடர். டைரக்டர் அதையும் சின்னவனிடமே கொடுத்தார். சின்னவனுக்கு ஜாஸ் பற்றி ஒன்றும் தெரியாது. சிறுத்தையைப் பற்றித் தெரிந்துகொண்டா பேசினேன் என்றான். பெரியவன் அந்த வாரம் பழுதுபார்த்த ஒவ்வொரு லிஃப்டிலும் ஏறியவர்களிடம் எல்லாம் செய்தியைச் சொல்லிவிட்டான்.

முதல் பாகம் பதிவாகிச் சேனலுக்குப் போனது, போன வேகத்தில் திரும்பி வந்தது. அங்கே முடிவெடுக்கிற ஓர் அம்மாள் இருக்கிறாளாம். அவளைச் சேனல் அம்மா என்றுதான் டைரக்டர் சொல்வார். அவள் சொல்லியனுப்பியது இது: திரையில் யார் வந்தாலும் அடுத்த காட்சியில் சாகப்போவது போலக் குரல் இருக்கிறது; ஒருவன் ட்ரம்பெட்டைக் கையில் எடுத்தால் யாரோ அவன் மேல் பாயப்போகிறார்கள் என்று பயமாக இருக்கிறது. வானொலியில் கலகலவென்று பேசுகிற ஒரு இளைஞனை அவள் பார்த்து வைத்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை முதல் பாகத்தை மறுபடி பதிவு செய்யலாம். அன்று அவளே நேரில் வந்து கேட்பாள். பிடித்தால் தொடர் முழுவதும் சின்னவனுக்கு. பிடிக்காவிட்டால் அந்த இளைஞனுக்கு.

சின்னவன் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது குரல் மட்டும்தான் கம்பீரமாக இருந்தது. முகம் செருப்புக் கடைக்குத் திரும்பிவிட்டது. விலங்கும் போய், இதுவும் போனால், அவனுக்கு வேறு எதுவும் இல்லை. அது மூன்று பேருக்கும் தெரியும்.

அன்று மாலை மூன்று பேரும் அந்தப் படத்தை மூலக்குரலோடு போட்டு, சின்னவன் அர்த்தம் சொல்லச் சொல்லப் பார்த்தார்கள். பெரியவன் எதையும் அரைகுறையாகப் பார்க்கிறவன் இல்லை. நாற்காலியை டிவிக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு மோட்டாரைப் பிரிப்பது போலப் பார்த்தான். கறுப்பு வெள்ளையில் ஒரு புகைப்படம் வரும். கேமரா அதில் இருப்பவரின் கண்ணை நோக்கி எறும்பு ஊர்வது போல ஊர்ந்து போகும். நனைந்த தெரு ஒன்று வரும். அப்புறம் புகை. பாட்டு தொடங்கும், காலை ஆட்டலாமா என்று யோசிப்பதற்குள் அது பின்னால் போய், ஒரு குரல் முன்னால் வந்து நிற்கும். அரை இருட்டில் புத்தக அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு நிபுணர், அவரைப் போல முன்பும் இல்லை, பின்பும் இல்லை என்பார். பிறகு இன்னொருவரின் புகைப்படம் வரும். அவரைப் போலவும் முன்பும் இல்லை, பின்பும் இல்லை. ஒவ்வொருவரும் ஏழையாகப் பிறந்தார்கள், கையில் ஒரு வாத்தியம் வந்தது, ராஜாவானார்கள், விழுந்தார்கள், தனியாகப் போய்ச் சேர்ந்தார்கள். தொடரின் கடைசிப் பாகத்தையும் ஓட்டிப் பார்த்தார்கள். அதில் பொற்காலம் முடிந்தது என்று சொல்லிச் சூரியனை அஸ்தமிக்க வைத்துவிட்டார்கள்.

நனைந்த தெரு மூன்று வெவ்வேறு ஊர்களுக்கு ஒரே தெருதான் என்பதைப் பெரியவன் கவனித்துச் சொன்னான். சின்னவன் அதைக் காதில் வாங்கவில்லை. படமே இப்படி இருக்கும்போது நான் வேறு எப்படிப் பேசுவது, மான் இடத்தில் மனிதன், அவ்வளவுதானே வித்தியாசம் என்றான். துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணிக்கு மட்டும் ஒன்று உறுத்தியது.

"போட்டோல ஒருத்தர்கூடச் சிரிக்கல. ஆனா அந்தப் பாட்டு சிரிக்குதே," என்றாள். "மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டு அப்படி ஊத முடியுமா என்ன?"

அப்போதுதான் பெரியவனுக்கு அந்தக் குளியலறைச் சாமான் கடை ஞாபகம் வந்தது. அதன் அடித்தளத்தில், பீங்கான் தொட்டிகளுக்கு நடுவே, சனிக்கிழமை பிற்பகல்களில் ஒரு சின்னக் கூட்டம் வாத்தியம் வாசிக்கும். சரக்கு லிஃப்டுக்கு எண்ணெய் விடப் போகும்போதெல்லாம் கேட்டிருக்கிறான். வருடக்கணக்காக ஒரே பாட்டைத்தான் வாசிக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வருகிறது. பாவம், இன்னும் பாடம் ஆகவில்லை போல என்று நினைத்துக்கொண்டு வந்துவிடுவான். அவர்கள் வாசிப்பதும் ஜாஸ் என்று யாரோ சொல்லக் கேள்வி. நிறையச் சிரிப்புச் சத்தமும் கேட்கும்.

சனிக்கிழமை தம்பியைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டே போனான். அடித்தளத்தில் நான்கு பேர் இருந்தார்கள். சாக்ஸபோன் வைத்திருந்தவர் ஒரு பல் டாக்டர், நடுவயதுப் பெண்மணி. டிரம்ஸில் பஸ் டிப்போ மெக்கானிக் ஒருவர். பியானோவில் வரி ஆபீஸிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு மெலிந்த மனிதர். பெரிய வயலின் போல ஆளைவிட உயரமாக இருந்த பேஸ் வாத்தியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவர் கடைசிவரை வாயே திறக்கவில்லை. அது அவருடைய கடைதானாம்.

பெரியவனைச் சரக்கு லிஃப்ட் மெக்கானிக்காக அவர்களுக்குத் தெரியும். அவன் தம்பியை அறிமுகப்படுத்திவிட்டு, பல நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேவிட்டான்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. ரொம்ப வருஷமா இந்த ஒரே பாட்டத்தான் வாசிக்கிறீங்க. இன்னும் சரியா வரலையா?"

டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. பியானோக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரியா வந்துட்டா அடுத்த சனிக்கிழமை என்னங்க பண்றது?" என்றார்.

அதற்குப் பிறகு பேச்சு தானாக ஓடியது. சின்னவன் தன் சங்கடத்தைச் சொன்னான். பல் டாக்டருக்கு அந்தத் தொடர் நன்றாகத் தெரிந்திருந்தது. அதை மட்டுமல்ல, ஜாஸ் பற்றி டிவியில் வந்த எதையும் அவள் விட்டதில்லை. அவளுக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே ஒரு ஆவணப்படத்தால்தானாம். அவளுடைய கிளினிக்கில், கன்னம் வீங்கியவர்கள் காத்திருக்கிற அறையில், டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் சாக்ஸபோனை வாயில் வைத்தார். அவள் கையில் ஊசியோடு அங்கேயே நின்றுவிட்டாள். உள்ளே ஒரு நோயாளி வாயைத் திறந்தபடி காத்திருந்தார். அதனால் அந்தப் படங்களைத் திட்ட மாட்டேன், ஆனால் சண்டை போடுவேன் என்றாள். பாட்டு தொடங்கினால் யாராவது பேச வந்துவிடுகிறார்கள். எல்லா மேதைகளும் தனியாகவே இருக்கிறார்கள். நாலு பேர் உட்கார்ந்து, நீ முதல்ல வாசி, நான் அப்புறம் வரேன் என்று வம்பளப்பதைக் காட்டுவதே இல்லை. அவர்கள் பட்ட கஷ்டம் நிஜம்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கஷ்டத்துக்கு நடுவே ஜனங்கள் ஆடத்தான் இதை வாசித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டாமா?

"ஊதும்போது மூஞ்சி எப்படி இருக்கும் தெரியுமா?" என்று கன்னத்தை உப்பிக் கண்ணைப் பிதுக்கிக் காட்டினாள். "இதை யாராவது போட்டோ புடிச்சுச் சட்டம் போடுவாங்களா? நல்லா தலை வாரி, கோட்டு போட்டு, ஆடாம நில்லுன்னு சொல்லி எடுத்த போட்டோதான் மிஞ்சியிருக்கு. அதை வச்சுக்கிட்டு எல்லாரும் சோகமா இருந்தாங்கன்னு முடிவு கட்டிட்டாங்க."

பெரியவனுக்கு அது உடனே விளங்கிவிட்டது. எங்கள் அப்பா அம்மா கல்யாணப் படத்தைப் பார்த்தால் ஏதோ ஜெயிலுக்குப் போகிறவர்கள் மாதிரி இருக்கும் என்றான்.

கடைசிப் பாகத்தைப் பற்றிக் கேட்டபோது அவள் இன்னும் சிரித்தாள். அது முதல் தடவை ஒளிபரப்பானதும் ஒரு சனிக்கிழமைதானாம். "டிவில என் பாட்டுக்கு இரங்கல் வாசிச்சுக்கிட்டிருந்தாங்க. நான் வாசல்ல சாக்ஸபோனத் தூக்கிக்கிட்டு டாக்ஸிக்கு நிக்கிறேன்."

டாக்டரம்மா பல் பிடுங்குகிற மாதிரியே வாசிப்பார்கள், வலி தெரிவதற்குள் முடித்துவிடுவார்கள் என்று டிரம்ஸ்காரர் எடுத்துக்கொடுத்தார். பஸ் கியர் மாற்றுகிற மாதிரி வாசிப்பவர் பேசக்கூடாது என்று டாக்டர் திருப்பிக் கொடுத்தாள். பிறகு எல்லோருமாகச் சின்னவனைப் பிடித்துக்கொண்டார்கள். நிஜச் சிறுத்தை கையில் கிடைத்திருக்கிறது, ஒரு வேட்டையாவது கேட்காமல் விடுவோமா என்றார்கள்.

சின்னவன் ஒரு கவிழ்த்த தொட்டியின் மேல் உட்கார்ந்தான். தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

"அந்தி சாய்கிறது," என்றான்.

டிரம்ஸ்காரர் கம்பித் துடைப்பம் போன்ற ஒன்றை எடுத்து டிரம்மின் தோலில் வட்டமாக இழுத்தார். புல் அசைவது போலக் கேட்டது. சின்னவன் திடுக்கிட்டு அவரைப் பார்த்தான். இத்தனை வருடத்தில் அவன் பேசியதற்கு யாரும் பதில் சொன்னதில்லை. தியேட்டரில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கட்டைவிரல் உயரும், அவ்வளவுதான்.

"புல்வெளியில் ஓர் அசைவு."

பியானோவில் இரண்டே இரண்டு சுரங்கள், மான் காதை விடைப்பது போல. சின்னவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. சிறுத்தை என்று தொடங்கினான். வாக்கியத்தை முடிக்க விடாமல் சாக்ஸபோன் குறுக்கே புகுந்து, வளைந்து நெளிந்து, ஒரு சோம்பலான ராகத்தை இழுத்துக்கொண்டு போனது. அவன் வாயைத் திறந்தபடி காத்திருந்தான். டாக்டர் மூச்சுவிட நிறுத்தினாள். அந்த இடைவெளியில் அவன் குரலைத் தாழ்த்தி, "அவசரப்படவில்லை" என்றான்.

பேஸ்காரரே சிரித்துவிட்டார். அப்புறம் யாரும் யாரையும் விடவில்லை. சின்னவன் ஒரு வார்த்தை போடுவான், அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், அவன் எங்கே புகுவது என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சில இடத்தில் முந்திக்கொண்டு மாட்டினான். சில இடத்தில் சரியாக விழுந்தது. விழுந்தபோது தொட்டிகளெல்லாம் அதிர்ந்தன. சிறுத்தை பாய்கிற கட்டம் வந்தது. டிரம்ஸ்காரர் வேண்டுமென்றே பாதியில் கைவிட்டார். தாளம் இல்லாமல் சிறுத்தை அந்தரத்தில் நின்றது. சின்னவன் சற்று யோசித்து, "மான் தப்பிவிட்டது" என்றான். அவன் தொழிலுக்கு வந்த இத்தனை காலத்தில் மான் தப்பியது அன்றைக்குத்தான்.

பெரியவன் சரக்கு லிஃப்டின் ஓரத்தில் நின்று கையில் எண்ணெய் டப்பாவோடு பார்த்துக்கொண்டிருந்தான். தம்பி இப்படிச் சிரித்து அவன் பார்த்து நாளாகியிருந்தது. பாட்டு பாடமாகாமல் இல்லை, தினம் ஒரு மாதிரி பேசுகிற ஆள் மாதிரி அதுவும் பேசிக்கொண்டிருக்கிறது என்பதும் அவனுக்கு ஒருவாறு புரிந்தது.

வீடு திரும்பும்போது சின்னவன் பாதி வழியில் நின்றான்.

"அந்த ரூம்ல நான் தனியாப் பேசிட்டிருக்கேன்னு நினைச்சேன்ணா. ட்ரம்பெட்காரர் பக்கத்துலயே உக்காந்திருக்காரு. நான்தான் அவரைப் பேசவே விடல."

ஞாயிறும் திங்களும் வீட்டில் வேறு வேலை நடக்கவில்லை. ஒரு சிக்கல் இருந்தது. படத்தை எடுத்த வெளிநாட்டு நிறுவனம் எந்தத் தகவலையும் விட்டுவிட அனுமதிக்காது; ஒவ்வொன்றும் சொல்லப்பட்டிருக்கிறதா என்று சரிபார்ப்பார்கள். ஆனால் அதை எந்த வார்த்தையில் சொல்வது என்பது டைரக்டர் பொறுப்பு. டைரக்டரோ, ஆவணப்படம் என்றால் அலங்காரம் வேண்டும் என்று நம்புகிறவர். அவர் எழுதியிருந்த ஒரு வாக்கியம் இது: "வறுமையின் கோரப்பிடியில் சிக்குண்டிருந்த அம்மாமேதை, தன் உடலுக்குச் சற்றும் பொருந்தாத இரவல் மேலங்கியுடன் முதன்முதலாக மேடையேறினார்." இதைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த மாமேதை ட்ரம்பெட் ஊதி முடித்து வீட்டுக்கே போய்விடுவார். சின்னவன் போனில் டைரக்டரைக் கெஞ்சி, தகவல் மாறாமல் வார்த்தையைக் குறைத்துக்கொள்ள அனுமதி வாங்கினான். பிறகு ஒவ்வொரு வாக்கியத்தையும் அண்ணியிடம் சொல்லிப் பார்த்தான். அண்ணி துணி மடித்துக்கொண்டே கேட்பாள். கை நிற்காமல் மடித்தால் அந்த வாக்கியம் தேறவில்லை. மடித்த துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அப்புறம் என்று கேட்டால் தேறிவிட்டது. இரண்டு நாளில் வீட்டில் மடிக்கத் துணியே இல்லை. மடித்ததைக் கலைத்து மறுபடி மடித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே பெரியவன் லிஃப்டைத் தரைத்தளத்தில் நிறுத்திப் பூட்டினான். சேனல் அம்மா பிற்பகலில் வருவாள் என்று டைரக்டர் சொல்லியிருந்தார். அதற்குள் பாதியாவது முடித்துவிடலாம் என்று மேலே சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வயதான அம்மாள் குடையை மடக்கிக்கொண்டு வந்து லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள். ஒரு கையில் கனமான பை. பெரியவன் எழுந்து விஷயத்தைச் சொன்னான். முட்டி வலி என்றாள். அப்படியானால் என் நாற்காலியில் உட்காருங்கள், வேலை முடிந்ததும் நானே கூட்டிப்போகிறேன் என்றான். அவ்வளவு நேரம் இல்லை என்று அவள் படியைப் பார்த்து நடந்தாள். மனசு கேட்காமல் பெரியவன் பையை வாங்கிக்கொண்டு கூடவே ஏறினான்.

மாடிக்கு மாடி அவள் நின்று மூச்சு வாங்கினாள். நின்ற இடத்திலெல்லாம் பெரியவன் தம்பி புராணத்தை எடுத்தான். செருப்புக் கடை, சிறுத்தை, எல்லாம் வந்தது. மூன்றாவது மாடியில் ஜாஸ் வந்தது.

"மொதத் தடவை சொதப்பிட்டான்மா. எல்லாரையும் கொன்னுட்டான்னு சேனல்ல ஒரு அம்மா சொல்லியனுப்பினாங்களாம். அவங்க சொன்னது நியாயம்தான். ஆனா ஆள் மேல ஆள் வச்சு சொல்லி அனுப்பலாமா? நேரா வந்து மூஞ்சிக்கு முன்னால சொல்லியிருந்தா அவன் இவ்வளவு நொந்திருக்க மாட்டான்."

அந்த அம்மாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அப்படியா என்று மட்டும் கேட்டாள்.

நான்காவது மாடியில் கதவு திறந்தது. அவளைப் பார்த்ததும் டைரக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். இவ்வளவு சீக்கிரம் வருவீர்கள் என்று நினைக்கவில்லை மேடம் என்றார். பெரியவனுக்குப் பையைக் கீழே வைப்பதா, கையிலேயே வைத்திருப்பதா என்றுகூடத் தெரியவில்லை. தம்பிக்காக லிஃப்டை நிறுத்தினோம். அந்த லிஃப்டாலேயே அவன் பிழைப்பில் மண்ணைப் போட்டாயிற்று என்று நினைத்தான்.

சேனல் அம்மா உதட்டில் விரலை வைத்துவிட்டு, கண்ணாடிக்கு இந்தப்பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். சின்னவன் உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு திரையைப் பார்த்து நின்றிருந்தான். யார் வந்தது என்று அவனுக்குத் தெரியாது. திரையில் அதே கறுப்பு வெள்ளைப் புகைப்படம். கேமரா அதே கண்ணை நோக்கி ஊர்ந்தது. ஸ்பீக்கரில் சின்னவனின் குரல் வந்தது. கம்பீரம் அப்படியே இருந்தது. ஆனால் இருட்டில் யாரையும் துரத்தவில்லை. பக்கத்து மேஜையில் இருப்பவரைக் காட்டிப் பேசுவது போல இருந்தது.

"முதல் மேடை. கையில் காசில்லை. கோட்டு இரவல்."

நிறுத்தினான். ட்ரம்பெட் எகிறி மேலே போனது, அங்கே ஒரு வளையம் போட்டது, குட்டிக்கரணம் அடித்துக்கொண்டு இறங்கியது. சின்னவன் தலையை லேசாகச் சாய்த்து, அது சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தான். கடைசிச் சுரம் தரையில் கால் வைத்ததும் சொன்னான்.

"அளவு கொஞ்சம் பெரிது."

சேனல் அம்மா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதன் பிறகு யார் சொத்து என்று தெரியாத அந்த நனைந்த தெரு வந்தது. சின்னவன் அங்கே ஒன்றும் பேசாமல் பியானோவை விட்டுவிட்டான். துயரமான இடமும் வந்தது: வாசிக்க அழைத்த ஓட்டலிலேயே, தோலின் நிறத்துக்காக, வாசல் வழியாக உள்ளே விடாமல் பின்கட்டு வழியாகப் போகச் சொன்ன கதை. அதைச் சின்னவன் எந்த நடுக்கமும் இல்லாமல், நடந்தது நடந்தபடி சொன்னான். அறையில் எல்லோரும் அசையாமல் இருந்தார்கள். அடுத்து டிரம்ஸ் தொடங்கியபோது, முட்டி வலிக்கார அம்மாளின் கால், ஸ்டூலின் கம்பியில் தாளம் போட்டது. பெரியவன் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். லிஃப்ட் கம்பியை எத்தனையோ நாள் உற்றுப் பார்த்திருக்கிறான். ஒன்றையும் அவன் இவ்வளவு பக்தியாகப் பார்த்ததில்லை.

பாகம் முடிந்து சின்னவன் வெளியே வந்தான். டைரக்டர் அறிமுகம் செய்துவைத்தார். சின்னவன் கைகட்டி நின்றான்.

"இந்தக் கோட்டுக்காரர் அடுத்த பாகத்துல வருவாரா?" என்று சேனல் அம்மா கேட்டாள்.

"வருவாரும்மா. ரொம்ப தூரம் வருவார்."

"கடைசியில எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு ஒரு வரி இருக்காமே. அதை என்ன பண்ணப்போறீங்க?"

"சொல்லித்தான் ஆகணும்மா," என்றான் சின்னவன். "ஆனா நான் சொன்னதுக்கப்புறம் சாக்ஸபோன் வருது. கடைசிப் பேச்சு அதுக்குத்தான்."

"அப்ப நீங்களே எல்லாத்தையும் சொல்லி முடிச்சிடுங்க," என்றாள் அவள். பிறகு பெரியவன் பக்கம் திரும்பினாள். "என்னங்க, மூஞ்சிக்கு முன்னால சொல்லிட்டேன். போதுமா?"

என்ன நடந்தது என்று சின்னவன் கேட்டான். ஒன்றுமில்லை, பைதான் கொஞ்சம் கனம் என்றான் பெரியவன். எல்லோரும் சிரித்தபோது அவனும் சிரித்தான். ஆனால் கண்ணைத் துடைக்க அழுக்குத் துணி தவிர வேறு ஒன்றும் கையில் இல்லை.

சேனல் அம்மாவை லிஃப்டில் வைத்துப் பூப்போல இறக்கிவிட்டு அவன் மறுபடி மேலே வந்தபோது, தம்பி கதவருகே காத்திருந்தான். இத்தனை வருடமாகக் கீழேயே உட்கார்ந்திருந்த அண்ணனை உள்ளே அழைத்துப்போய், மைக்குக்கு முன்னால் இருந்த தன் நாற்காலியில் உட்காரவைத்தான். ஹெட்போனை எடுத்து அவன் காதில் மாட்டினான். சற்று முன் பதிவானதைப் போடச் சொன்னான்.

பெரியவன் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. தம்பியின் குரல் காதுக்குள்ளேயே உட்கார்ந்து பேசியது, விலகியது, ட்ரம்பெட் வந்தது. புகைப்படத்தில் இருந்தவர் விறைப்பாகத்தான் நின்றிருந்தார். ஆனால் இப்போது அந்த விறைப்பு, போட்டோக்காரன் தலையைத் திருப்பியதும் சிரித்துவிடப் போகிறவரின் விறைப்பாக இருந்தது.

"இவரு இப்ப எங்கடா இருக்காரு?" என்று கேட்டான்.

"அவர் போய் ரொம்ப காலம் ஆச்சுண்ணா."

பெரியவன் நம்பவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னான்.